வாலுக்கு அடியில் ஒரு பீப்பாய்

மார்ச் 4

இந்தாம்மா,

வந்து சேர்ந்தேன். நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். போன் செய்யக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டாய். அதனால் முப்பது வருஷம் பட்டறையில் இரும்பு கடைந்த கையால் பேனா பிடித்து எழுதுகிறேன். கண்டபடி இருந்தால் பொறுத்துக்கொள்.

அறை விமானத் திடலுக்குப் பின்பக்கம். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, கதவு மூடாத ஓர் அலமாரி. ஜன்னலைத் திறந்தால் ஓடுதளம் தெரிகிறது, கூடவே பெட்ரோல் வாசனையும் வருகிறது. பெட்ரோல் வாசனை எனக்குப் பிடிக்கும் என்பதால் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

கோபம் இன்னும் தீரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பதினோரு வருஷம். நம் ஷெட்டில் நான் ஒவ்வொரு குழாயாக வளைத்துப் பற்றவைக்க, நீ இறக்கைக்குத் துணி தைக்க, சொந்தமாக ஒரு விமானம் செய்து முடித்தோம். பரிசோதகர் வந்தார், நாலு மணி நேரம் டார்ச் அடித்துப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். ‘வர்ற ஞாயித்துக்கிழமை பறந்து பாத்துடறேன்’ என்று நான் சொன்னது குற்றமா? நீ என்ன கேட்டாய்? ‘கடைசியா எப்பப் பறந்தீங்க?’ என்று, அத்தனை பேர் முன்னால். நான் விரல் விட்டு எண்ணி முடிப்பதற்குள் எஞ்சின் சாவியை எடுத்து உன் பொத்தான் டப்பாவில் போட்டு மூடிவிட்டாய். ‘நாப்பது நாள் போய்ப் பழகிட்டு வாங்க, அப்புறம் தரேன்’ என்றாய். பரிசோதகர் சிரித்ததை நான் பார்த்தேன்.

சரி, வந்தாகிவிட்டது. இங்கே கற்றுத்தருவது ஒரு பெண். நம் பெரியவள் வயசுதான் இருக்கும். எல்லாரும் டீச்சர் என்கிறார்கள், நானும் அப்படியே கூப்பிடுகிறேன். என் லைசென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு, ‘இந்த போட்டோல இருக்கறது யாருங்க?’ என்றார்.

மேலே போனோம். நேராகப் போகச் சொன்னார். நேராகத்தான் போனேன் என்று நினைத்தேன். இறங்கிய பிறகு, ‘நீங்க நேரான்னு சொல்றதுக்கு நாங்க இங்க வளைவுன்னு சொல்லுவோம் சார்’ என்றார். பறப்பது சைக்கிள் மாதிரி, ஒரு தடவை வந்தால் மறக்காது என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, அதில் பாதி பொய். மீதிப் பாதி எப்படி என்று பிறகு எழுதுகிறேன்.

உன் வீட்டுக்காரன்

*

மார்ச் 9

என்னங்க,

கடிதம் கிடைத்தது. கோழி கிளறின மாதிரி இருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டேன்.

போன் வேண்டாம் என்றதற்குக் காரணம் உண்டு. போனில் சிரித்துப் பேசியே என்னை மசிய வைத்துவிடுவீர்கள். அப்படித்தான் என் தையல் கடையில் துணி வெட்டுகிற மேஜை உங்கள் இறக்கைக்குப் போய்ச் சேர்ந்தது. எழுத்தில் உங்களுக்குப் பொய் சொல்ல வராது, அடித்து அடித்து எழுதுவீர்கள். போன கடிதத்தில் மூன்று இடத்தில் அடித்திருக்கிறீர்கள், மூன்றும் அந்த ‘நேராகப் போனேன்’ பக்கத்தில்.

எல்லார் முன்னாலும் கேட்டது தப்புதான். அதற்கு வருத்தப்படுகிறேன். கேட்ட கேள்விக்கு வருத்தப்படவில்லை.

இறக்கையில் தொள்ளாயிரத்துச் சொச்சம் முடிச்சு போட்டிருக்கிறேன். ஒன்றுகூட அவிழாது. என் தையலை நம்புகிறேன். உங்கள் பற்றவைப்பையும் நம்புகிறேன். உங்கள் பறக்கிற கையைத்தான் நம்ப முடியவில்லை. பதினோரு வருஷமாக அந்தக் கை ஸ்பானர் பிடித்தது, ரம்பம் பிடித்தது, டீ கிளாஸ் பிடித்தது. மாப்பிள்ளைக்குச் சட்டை தைத்தவன் மாப்பிள்ளை ஆகிவிட முடியுமா? ஆனையை வாங்கியவர் அங்குசத்துக்கு முகம் சுளிக்கக் கூடாது. நாற்பது நாளும் இருந்து பழகுங்கள்.

நீங்கள் விழுந்துவிடுவீர்களோ என்று எனக்குப் பயம். அதைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. வேறு ஏதோ கோபம் என்று நீங்களாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம்.

சுத்தியல் சத்தம் இல்லாமல் வீடு வீடாகவே இல்லை. இப்படி எழுதியதால் சமாதானமாகிவிட்டேன் என்று அர்த்தம் இல்லை.

நான்தான்

*

மார்ச் 15

இந்தாம்மா,

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எத்தனை இடத்தில் அடித்திருக்கிறேன் என்று எண்ணிக்கொள்.

வீட்டில் செய்த விமானத்தை முதன்முதலில் மேலே கொண்டுபோகிறவன் எஞ்சின் எந்த நிமிஷமும் நிற்கும் என்று நினைத்துத்தான் போக வேண்டும் என்கிறார் டீச்சர். அதனால் ஏறிக்கொண்டிருக்கும்போதே சொல்லாமல் கொள்ளாமல் எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற த்ராட்டிலை இழுத்துவிடுகிறார். சத்தம் அடங்கிப்போகிறது. அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். மூக்கை உடனே கீழே இறக்கி வேகத்தைக் காப்பாற்ற வேண்டும், பிறகு எதிரே எங்கே இறங்கலாம் என்று பார்க்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? குனிந்து எண்ணெய் அளவு காட்டும் முள்ளைப் பார்த்தேன். பெட்ரோல் குழாயில் எங்கே அடைத்திருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்தேன். டீச்சர் தோளில் தட்டி, ‘சார், நீங்க இப்ப மெக்கானிக் இல்ல. அது நின்னுபோச்சு, விடுங்க. மொதல்ல பறங்க’ என்றார். எட்டாவது தடவைதான் கை தானாக ஸ்டிக்கை முன்னால் தள்ளி மூக்கை இறக்கியது.

இதைவிடப் பெரிய தலைவலி இறங்குவது. இதுவும் நம்முடையது மாதிரி வாலில் குட்டிச் சக்கரம் வைத்த விமானம். தரையில் வால் தாழ்ந்து, மூக்கு வானம் பார்த்துக்கொண்டு நிற்கும். இறங்கும்போதும் தரைக்கு ஒரு முழம் மேலே வைத்துக்கொண்டு, ஸ்டிக்கை மெல்ல மெல்லப் பின்னால் இழுத்து, அதே மாதிரி மூக்கைத் தூக்கி மூன்று சக்கரமும் ஒன்றாக உட்காரச் செய்ய வேண்டும். என் கை பாதி வழியில் நின்றுவிடுகிறது. முன்சக்கரம் இரண்டும் முதலில் தட்டி, விமானம் தவளை மாதிரி குதிக்கிறது. ஒரு தடவை இல்லை, பதினாறு தடவை. ‘வீடு வந்து சேந்த மாதிரி கைய நிறுத்திடறீங்களே, ஏன் சார்?’ என்று டீச்சர் கேட்டார். எனக்கே தெரியவில்லை.

இடுப்பு வலிக்கிறது. தைலம் எடுத்துவர மறந்துவிட்டேன்.

உன் வீட்டுக்காரன்

*

மார்ச் 20

என்னங்க,

பால் பொங்கி வழியும்போது அடுப்பை அணைக்காமல் பர்னரில் ஏன் நீலம் குறைவாக இருக்கிறது என்று குனிந்து பார்த்த ஆள் நீங்கள். டீச்சருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். எனக்கு முப்பது வருஷத்தில் முடியாததை எட்டுத் தடவையில் செய்திருக்கிறார்.

தைலம் இதோடு பார்சலில் வருகிறது.

ஒன்று கேட்கிறேன். ஷெட்டில் தினமும் சாயங்காலம் விமானத்தில் ஏறி உட்கார்ந்து, வாயாலேயே எஞ்சின் ஓட்டி, இறங்குகிற மாதிரி பழகுவீர்களே, நான் டீ கொண்டுவரும்போது ‘தரையத் தொட்டாச்சு’ என்பீர்களே, அப்போது உங்கள் கண்ணுக்கு எதிரே என்ன தெரியும்? யோசித்து எழுதுங்கள்.

நான்தான்

*

மார்ச் 24

இந்தாம்மா,

இருபத்தெட்டுத் தடவை ஆயிற்று. எல்லாம் தவளைதான்.

இன்று மத்தியானம் டீச்சர் டீக்கடையில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். ரொம்ப மரியாதையாக, ‘சார், மொதல் தடவை மட்டும் உங்க பிளேனை நான் ஓட்டட்டுமா? அப்புறம் நீங்க ஓட்டுங்க’ என்றார். டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். நம் பிள்ளை முதல் அடி எடுத்து வைக்கும்போது கைபிடிக்க வேறு ஆளா? அறைக்கு வந்து கட்டிலில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிடவும் போகவில்லை.

உன்னிடம்தான் சொல்ல முடியும். பயமாக இருக்கிறது. மேலே போகப் பயம் இல்லை. எனக்கு இது இனிமேல் வராதோ என்றுதான் பயம். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். நான் எந்தத் தொட்டிலில் இந்தத் தவளைப் பழக்கத்தைக் கற்றேனோ தெரியவில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: ஷெட்டின் எதிர்ச்சுவர் ஜன்னல் தெரியும். அதன் கீழ்க்கம்பி பானெட்டுக்கு மேலே ஒட்டினாற்போல நிற்கும், அதுதான் எனக்குத் தரை. பதினோரு வருஷமாக அந்தக் கம்பியில்தான் இறங்கிக்கொண்டிருக்கிறேன். இப்போது எதற்கு அந்தப் பேச்சு?

உன் வீட்டுக்காரன்

*

மார்ச் 29

என்னங்க,

சுடுகாடு என்ற வார்த்தையை இனிமேல் எனக்கு எழுதாதீர்கள். பழமொழியாக இருந்தாலும் சரி.

இப்போது நிதானமாகப் படியுங்கள். உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். விமானத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். வால் எங்கே இருக்கிறது என்று ஞாபகம் இருக்கிறதா? பீப்பாய்மேல் இருக்கிறது. முதல் வருஷம் விமானத்தின் உடம்பை மட்டம் பார்த்துப் பற்றவைக்க வேண்டும் என்று வாலைத் தூக்கிப் பழைய எண்ணெய்ப் பீப்பாய்மேல் வைத்தீர்கள். அப்புறம் குனிந்தால் இடுப்பு வலிக்கிறது என்று அப்படியே விட்டுவிட்டீர்கள். எஞ்சின் ஓட்டிப் பார்த்த அன்றுகூட வாலைப் பீப்பாயோடு சேர்த்துக் கட்டித்தான் ஓட்டினீர்கள். பதினோரு வருஷமாக அது ஒரு நாளாவது வாலைத் தரையில் வைத்து நின்றதா?

கடைக்கு யூனிபார்ம் அளவு கொடுக்க வருகிற பிள்ளைகள் உயரமாகத் தெரிய வேண்டும் என்று குதிகாலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். கவனிக்காமல் அளவெடுத்தால் கால்சட்டை தெருவைக் கூட்டும். நீங்கள் குதிகாலைத் தூக்கி நிற்கிற விமானத்தில் உட்கார்ந்து அளவெடுத்திருக்கிறீர்கள். அதனால்தான் மூக்கு மட்டத்துக்கு வந்தவுடன் தரை வந்துவிட்டது என்று கை நின்றுவிடுகிறது.

இருந்தாலும் நிச்சயம் செய்யாமல் எழுதக் கூடாது என்று தம்பியைக் கூப்பிட்டேன். லாரியை வாசலில் நிறுத்திவிட்டு வந்தவன், ‘அக்கா, மாமாக்குத் தெரியாம இதுல கை வெச்சா என்னை உரிச்சுடுவாரு’ என்றான். ‘தெரிஞ்சதும் கும்பிடுவாரு, தூக்குடா’ என்றேன். இரண்டு பேருமாக வாலைத் தூக்கி, பீப்பாயைக் காலால் தள்ளி, மெதுவாகத் தரையில் வைத்தோம். மூக்கு எழுந்தது. ஷெட்டுக்குள் வேறு ஏதோ புது விமானம் வந்து நிற்கிற மாதிரி இருந்தது.

பிறகு நான் ஏறி உட்கார்ந்தேன். ஆமாம், செத்தாலும் அதில் உட்காரமாட்டேன் என்று சொன்னவள்தான். உங்கள் கண் எந்த உயரத்துக்கு வரும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்குச் சட்டை தைப்பவள் நான். இரண்டு தலையணை, அதன்மேல் இஸ்திரி போடுகிற கம்பளியை நாலாக மடித்துப் போட்டு, டேப் வைத்துப் பார்த்து, சரியாக உங்கள் கண் மட்டத்துக்கு வந்தேன்.

ஜன்னல் இல்லை. கம்பியும் இல்லை. எதிரே பானெட் மறைத்துக்கொண்டிருக்கிறது, அதற்கு மேலே கூரைத் தகடு, தகட்டில் ஓர் ஆணித் துளை, அதன் வழியாக வெளிச்சம். தரை வேண்டும் என்றால் இரண்டு ஓரத்திலும்தான் பார்க்க வேண்டும். இடது ஓரத்தில் உங்கள் இரும்பு வாளி, வலது ஓரத்தில் என் பழைய மெஷினின் கால்மிதி. இதுதான் தரை. அந்த ஜன்னல் கம்பி பாதி வழி. நீங்கள் பாதி வழியிலேயே இறங்கி வீட்டுக்குள் வரப் பார்க்கிறீர்கள்.

அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சீட்டு வசதியாகத்தான் இருக்கிறது. உள்ளே உங்கள் வாசனை, கிரீஸும் தைலமுமாக. கொஞ்சம் அழுதேன்.

டீச்சர்மேல் கோபிக்காதீர்கள். அவர் கேட்டது உங்கள் நல்லதுக்கு. உங்களுக்கு வந்தால் நீங்கள் ஓட்டுங்கள், வராவிட்டால் அவர் ஓட்டட்டும். யார் ஓட்டினாலும் அது நம் விமானம்தான். எனக்கு விமானம் திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை, நீங்கள் வந்தால் போதும்.

சாப்பிடாமல் படுக்க வேண்டாம்.

நான்தான்

*

ஏப்ரல் 5

இந்தாம்மா,

‘பீப்பாய்மேல்’ என்று படித்ததுமே தலையில் அடித்துக்கொண்டேன். வாசல் வரை சத்தம் கேட்டிருக்கும். ஒரு அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்கு தப்பினாலும் இரும்புத் துண்டைத் தூக்கி எறிந்தவன் நான். ஒரு பீப்பாய் என்னைப் பதினோரு வருஷம் ஏமாற்றியிருக்கிறது.

கடிதத்தை டீச்சரிடம் காட்டினேன். அழுத இடத்தை மட்டும் விரலால் மறைத்துக்கொண்டேன். படித்துவிட்டு, ‘உங்க வீட்டுக்காரம்மா இங்க வேலைக்கு வருவாங்களான்னு கேளுங்க’ என்றார். அன்றைக்கு என்னைப் பறக்கவிடவில்லை. நிற்கிற விமானத்தில் ஒரு மணி நேரம் உட்காரவைத்தார். எதிரே பார்க்காமல், இரண்டு ஓரத்தையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இடது ஓரம் வாளி, வலது ஓரம் கால்மிதி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை முதல் தடவை குதித்தது. இரண்டாவது தடவை கொஞ்சம் குதித்தது. மூன்றாவது தடவை கை வழக்கமான இடத்தில் நின்றது, ‘இது பாதி வழி’ என்று உன் குரலில் கேட்டது, இன்னும் இழுத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. ‘எறங்கிட்டமா?’ என்று கேட்டேன். ‘அப்பவே எறங்கியாச்சு சார்’ என்றார் டீச்சர். மூன்று சக்கரமும் ஒன்றாக, உன் மெஷின் ஊசி துணியில் இறங்குகிற மாதிரி.

இப்போது இறங்கினது ஐம்பது தடவை ஆகிவிட்டது. டீச்சரிடம் மன்னிப்பும் கேட்டேன். நம் விமானத்தை முதலில் அவரே ஓட்டினாலும் எனக்குச் சம்மதம் என்று சொன்னேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். ‘இப்ப வேணாம் சார், நீங்களே போகலாம்’ என்றார். ஒரு அட்டையில் என் கைப்படவே எழுத வைத்திருக்கிறார்: குறுக்குக் காற்றின் வேகம் எட்டுக்கு மேல் என்றால் இன்று இல்லை. தூக்கம் சரியில்லை என்றால் இன்று இல்லை. மனசு சரியில்லை என்றால் இன்று இல்லை.

விமானத்தை மச்சான் லாரியில் அனுப்பிவை. நீயும் வா. நீ நின்று பார்க்காமல் நான் எப்படிப் பறப்பது?

உன் வீட்டுக்காரன்

*

ஏப்ரல் 18

என்னங்க,

இந்தக் கடிதத்தைத் தம்பி கையில் கொடுத்திருக்கிறேன். இறக்கைகளைப் போர்வை சுற்றிக் கட்டியிருக்கிறோம். வழியில் மெதுவாகப் போகச் சொல்லியிருக்கிறேன். அவன் மெதுவாகப் போனதாகச் சொன்னால் நம்பாதீர்கள், முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பாருங்கள்.

சாவி உறைக்குள் இருக்கிறது. கூடவே ஒரு துணிப் பை தைத்து வைத்திருக்கிறேன், சீட்டின் வலது பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். அந்த அட்டை அதில் இருக்கட்டும்.

நான் வரவில்லை. கோபம் இல்லை, எல்லாம் தீர்ந்துவிட்டது. உங்களை எனக்குத் தெரியும். நான் அங்கே நின்றால் எனக்காகப் பறப்பீர்கள். வேண்டாம் என்று தோன்றினாலும், இவ்வளவு தூரம் வந்திருக்கிறாளே என்று போய்விடுவீர்கள். மேலே போகத் தெரிந்துகொண்டீர்கள், இறங்கவும் தெரிந்துகொண்டீர்கள். போகாமல் திரும்பி வரத் தெரியுமா என்பது எனக்கு இன்னும் தெரியாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து நீங்கள் எதிலிருந்தும் பாதியில் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

பறந்து முடித்ததும் ஒரு வரி எழுதுங்கள். ஒரு வரி போதும்.

ஷெட்டில் இப்போது பீப்பாய் மட்டும்தான் இருக்கிறது.

நான்தான்

*

ஏப்ரல் 26

இந்தாம்மா,

பறக்கவில்லை.

நீ கேட்ட ஒரு வரி அதுதான். மீதியையும் எழுதினால்தான் எனக்கு மனசு ஆறும்.

ஒரு வாரமாக ஓடுதளத்தில் மெதுவாக ஓட்டி, வேகமாக ஓட்டி, பிரேக் பார்த்து, எல்லாம் சரியாக இருந்தது. இன்று ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்தோம். பெரியவளும் மருமகனும் வந்திருந்தார்கள். திடலில் நாற்காலி போட்டு முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தர் கேமராவை முக்காலியில் மாட்டி வைத்திருந்தார். நேற்று நன்றாகத் தூங்கினேன். எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு சத்தத்தை நீ கேட்டதில்லை, தொட்டில் ஆட்டுகிற மாதிரி ஓடியது.

ஓடுதளத்தின் முனைக்குப் போய் நின்றேன். காற்றின் திசை காட்டுகிற கம்பத்துத் துணிப்பையைப் பார்த்தேன். காலையில் தொங்கிக்கொண்டிருந்தது, இப்போது குறுக்கே நிமிர்ந்து நின்றது. ரேடியோவில் கேட்டேன். ‘பத்து’ என்றார் டீச்சர். பத்துதான். அவருடைய விமானத்தில் நான் பதினாலில் இறங்கியிருக்கிறேன். இதை அப்படியே ஓட்டிவிடலாம் என்று கை சொன்னது. த்ராட்டில்மேல் கை இருந்தது. நீ தைத்த பையிலிருந்து அட்டையை எடுத்தேன். என் எழுத்துதான், கோழி கிளறின எழுத்து. எட்டு என்று இருந்தது. அதில் அடித்தல் இல்லை.

திருப்பி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பெரியவள் ஓடிவந்து, ‘என்னப்பா, ரிப்பேரா?’ என்றாள். ‘ரிப்பேர் ஒண்ணும் இல்ல, காத்து’ என்றேன். நாற்காலிக் கூட்டத்தில் யாரோ, ‘பதினோரு வருஷம் செஞ்சு ஊர்வலம் விட்டுட்டு வந்துட்டாரு’ என்றது காதில் விழுந்தது. கேமராக்காரர் முக்காலியை மடித்தார். அவமானமாகத்தான் இருந்தது. டீச்சர் மட்டும் வந்து இறக்கையைத் தள்ள ஒரு கை கொடுத்தார்.

போர்வை போர்த்தி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். உனக்கு ஏமாற்றமாக இருக்கும்.

உன் வீட்டுக்காரன்

*

ஏப்ரல் 30

என்னங்க,

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துத்தான் பிரித்தேன். முதல் வரியைப் படித்ததும் மெஷினை நிறுத்திவிட்டேன். கடைசி வரி வரை படித்து, திரும்பவும் முதலிலிருந்து படித்தேன். ஓர் இடத்தில்கூட அடித்தல் இல்லை.

ஏமாற்றமா? கடையைப் பாதியில் மூடிவிட்டு வீட்டுக்கு வந்து, ரொம்ப நாளைக்கு அப்புறம் வயிறாரச் சாப்பிட்டேன்.

அடுத்த வியாழக்கிழமை தம்பி அந்தப் பக்கம் லோடு ஏற்றிக்கொண்டு போகிறான். அவனோடு நான் வருகிறேன். திரும்பி வரத் தெரிந்த ஆள் என்று தெரிந்துவிட்டது, இனிமேல் நான் நின்று பார்க்கலாம். வந்த அன்றே பறக்க வேண்டும் என்று இல்லை. காற்று அடித்தால் டீ குடிப்போம். மறுநாளும் அடித்தால் மறுநாளும் குடிப்போம். கடையில் வியாழக்கிழமையிலிருந்து பத்து நாளுக்கு வேலை இல்லை என்று எழுதி மாட்டிவிட்டேன்.

திடலில் எனக்கு நாற்காலி தேட வேண்டாம். பீப்பாயும் லாரியில் வருகிறது. அதன்மேல் உட்கார்ந்து பார்க்கிறேன்.

நான்தான்